கால் படாத இடம்

பென்னலூர் கிளியம்மாள் நெடுஞ்சாலை ஓரத்து டேங்கர் கம்பெனியில் ஆறு வருஷமாகத் தோட்ட வேலை பார்த்தாள். கேட்டிலிருந்து அலுவலகத்துக் கண்ணாடிக் கதவு வரை இருந்த புல்லும் இட்லிப்பூவும் செம்பருத்தியும் அவள் வைத்தவை. ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவாள். மனிதர்களை அப்படிப் பிசைந்து பார்க்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒருவரைப் பிடித்துவிட்டால் பிடித்துவிட்டதுதான்.

சரோஜாவை அவளுக்குப் பிடித்திருந்தது. இருவர் வீடும் ஒரே தெருவில். கிளியம்மாளை விடப் பத்து வயது சின்னவள். அலுவலகம் பெருக்கித் துடைக்க ஆள் தேடியபோது மேனேஜர் ரகுபதியிடம் நாலு தடவை நடந்து அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் கிளியம்மாள்தான். காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஏரிக்கரை வழியாக நடப்பார்கள். மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரே டிபன் மூடியில் பிசைந்து சாப்பிடுவார்கள். எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த சூப்பர்வைசர் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும் என்று எதற்கெடுத்தாலும் சரோஜா கேட்பாள், கிளியம்மாள் சொல்வாள்.

மரம் வந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷம் பிப்ரவரியில். முதலாளியின் மனைவி பெங்களூர் மலர்க் கண்காட்சியில் வாங்கிய குட்டி ஆரஞ்சு மரம். இடுப்பளவு உயரம், இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் எட்டாத அளவுக்கு ஒரு பீங்கான் தொட்டி. நெல்லிக்காய் அளவில் மஞ்சள் பழங்கள் முப்பது நாற்பது தொங்கின. அலுவலக முன்கூடத்தில், கண்ணாடிச் சுவரை ஒட்டி, ஏ.சி. காற்றில் அதை வைத்தார்கள். வெல்டிங் ஷெட் ஆட்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். வேலை வெட்டி இல்லாமல் குளிரில் உட்கார்ந்திருப்பதால். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் கண்ணப்பன் தினமும் காலையில் கிளியம்மாளைக் கேட்பார்:

“இன்னாம்மா, மாப்ள எப்டிக் கீறாரு?”

“அவருக்கு இன்னா? நம்மளாட்டம் வெயில்லயா நிக்கிறாரு?” என்பாள்.

வந்த பத்தாம் நாளே மாப்பிள்ளை இலையைக் கொட்டத் தொடங்கினார். பச்சை இலையாகவே கொட்டியது. கிளியம்மாள் மரத்தின் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றாள். பிறகு தலைக்கு மேலே ஏ.சி. காற்று வரும் சட்டத்தைக் காட்டி, குளிர் நேராகத் தலையில் இறங்குகிறது, இரண்டு முழம் தள்ளி வையுங்கள் என்றாள். நாலு பேர் தொட்டியைத் தள்ளினார்கள். கொட்டுவது நின்றது. ஏப்ரலில் இலை பிசுபிசுத்தது, எறும்பு ஏறியது. இலைக்கு அடியில், காம்பு ஓரத்தில், எள்ளை ஒட்டவைத்த மாதிரி செதில் பூச்சி. வேப்பெண்ணெயும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் கலந்து, பழந்துணியால் ஒவ்வொரு காம்பாகத் துடைத்தாள். மூன்று வாரத்தில் அதுவும் தீர்ந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய் இரண்டு மக்கு தண்ணீர் ஊற்றுவாள். மற்ற நாளில் முன்கூடத்துக்குள் அவளுக்கு வேலை இல்லை.

மே மாதக் கடைசியில், தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததால் நெடுஞ்சாலை முழுக்கப் போலீஸ் வண்டி நின்ற நாட்கள் முடிந்து கம்பெனி திறந்த வாரம், ஷெட்டில் கிரேன் சங்கிலி அறுந்து ஒரு தகடு விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் ரகுபதி பயந்துபோனார். கண் பட்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, இனி வெள்ளிக்கிழமை தோறும் அலுவலகத் தரையைக் கல்லுப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் துடைக்க வேண்டும் என்று சரோஜாவுக்கு உத்தரவு போட்டார். துடைத்த தண்ணீரை எங்கே கொட்டுவது என்று சரோஜா அன்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள். மஞ்சள் போட்ட தண்ணீர், சாக்கடையில் ஊற்ற மனம் வராது. திருஷ்டி கழித்த தண்ணீர், யாரும் மிதிக்கவும் கூடாது. “கால் படாத எடமா பாத்து ஊத்து” என்று சொல்லிவிட்டு கிளியம்மாள் டிபன் மூடியைக் கழுவ எழுந்து போனாள். அந்தப் பேச்சை அவள் திரும்ப நினைக்கவே இல்லை.

ஜூன் முடிவில் இலை நுனி கருக ஆரம்பித்தது.

இது அவளுக்குப் புரியாத நோயாக இருந்தது. குளிர் இல்லை, பூச்சி இல்லை. முற்றிய இலைகளின் நுனியிலிருந்து விளிம்பு வழியாகத் தீப்பிடித்துப் போன மாதிரி பழுப்பு ஓடியது. பூ வைத்து, குண்டூசித் தலை அளவு பிஞ்சு பிடித்து, உதிர்ந்தது. எல்லாவற்றையும் விட ஒன்று அவளை உறுத்தியது. மண்ணில் விரலை விட்டால் ஈரம் இருந்தது. மரமோ நாள்கணக்காகத் தண்ணீர் காணாத மாதிரி தொங்கியது.

தொட்டியின் அடித்துவாரத்தைக் கம்பியால் குத்திப் பார்த்தாள். தண்ணீர் தடையில்லாமல் இறங்கியது. அடிமண்ணை எடுத்து முகர்ந்தாள். அழுகல் வாடை இல்லை. கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்துக் கொஞ்சம் ஊற்றினாள். இன்னும் கருகியது. நிறுத்திவிட்டாள். போர் தண்ணீர்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டாள். ஆனால் அதே போர் தண்ணீரைக் குடித்த இட்லிப்பூ வெளியே கொத்துக் கொத்தாகச் சிரித்தது. இருந்தாலும் கேன்டீனில் குடிக்க வரும் லாரித் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றினாள். ஒரு மாற்றமும் இல்லை.

ஆகஸ்டில் ரகுபதி அவளைக் கூப்பிட்டார். அக்டோபரில் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கூட்டு ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள், முன்கூடத்தில் நுழைந்ததும் அவர்கள் கண்ணில் படப்போவது இந்த மொட்டை மரம், முதலாளியம்மா இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டார் என்றார். படப்பை நர்சரிக்காரர் ஒருவர் மொத்தத் தோட்டத்தையும் கான்ட்ராக்டில் எடுத்துக்கொள்ளத் தயாராக இருப்பதாகவும் சொன்னார்.

“மரம் தேறலைன்னா அவருகிட்ட வுட்டுடுவேன் கிளியம்மா. அப்புறம் என்னைக் கேக்காதே.”

நர்சரிக்காரர் தன் ஆட்களோடு வருவார். கிளியம்மாளுக்கு அங்கே இடம் இருக்காது. அவள் புருஷன் முனிரத்தினம் லோடு இறக்கும்போது விழுந்து இடுப்பு உடைந்து மூன்று வருஷமாகக் கட்டிலில் கிடந்தார். வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். சரோஜாவிடம் இதைச் சொன்னபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அப்டிலாம் ஒண்ணும் ஆவாது, வுடுக்கா” என்றாள்.

பத்து நாள் கழித்து ரகுபதி முன்கூடத்துக்கே வந்து இரண்டு பேரையும் நிற்கவைத்துக் கேட்டார். யார் தண்ணீர் ஊற்றுவது, எவ்வளவு, எப்போது. கிளியம்மாள் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மக்கு என்றாள். அவர் சரோஜா பக்கம் திரும்பினார். நீ காலையிலிருந்து இங்கேயே இருக்கிறாய், நீ சொல்.

“அக்கா டெய்லி ஊத்துவாங்க சார். காலையில ஒருதபா, போறப்ப ஒருதபா. இவ்ளோ வோணாம்க்கான்னு நான்கூட சொல்லிக்கீறேன்.”

சரோஜா இதைத் தரை துடைக்கும் துணியை நாலாக மடித்துக்கொண்டே சொன்னாள். கிளியம்மாள் பொய்யை எதிர்த்துப் பேசிப் பழகியவள் அல்ல. அதுவும் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் வாயிலிருந்து வந்த பொய். ரகுபதி ஒரு காகிதத்தில் ‘தண்ணீர் ஊற்றக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொட்டியில் ஒட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் பாதி தூரம் இரண்டு பேரும் நடந்தார்கள். பிறகு சரோஜா, அவர் முறைத்துக் கேட்டதும் பயத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்றாள். அழவும் செய்தாள். மறுநாள் கிளியம்மாளுக்குப் பிடிக்கும் என்று வாளை மீன் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். கிளியம்மாள் சாப்பிட்டாள். சின்னப் பெண், பயத்தில் உளறிவிட்டது என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டாள், அவள் வருத்தப்படக் கூடாதே என்று.

காகிதம் ஒட்டிய பிறகு கிளியம்மாள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. முதல் வியாழன் பார்த்தாள். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது. சனிக்கிழமை காலை விரலை விட்டாள். ஈரம்.

அவள் விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். மழை கண்ணாடிக்குள் வராது. ஏ.சி. தண்ணீர் சொட்டும் குழாய் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. தொட்டியின் உள்விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு பூத்திருந்தது. இத்தனை நாள் அதைச் சுண்ணாம்புக் கறை என்று நினைத்திருந்தாள். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

உப்பு. சமைக்கிற உப்பு.

உவர் நிலத்தில் நாற்று எப்படிச் சாகும் என்று அவளுக்குத் தெரியும். வயல் நிறையத் தண்ணீர் நிற்கும், நாற்று நுனி கருகித் தாகத்தில் சாகும். இரண்டு மாதமாகக் கண்ணுக்கு எதிரே இருந்தது அதுதான். ஏ.சி. முன்கூடத்தில் உவர் நிலம் வரும் என்று யார் நினைப்பார்கள்?

அடுத்த வியாழக்கிழமை கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்று மணலில் ஒரு கூடை அள்ளி, அலசிக் காயவைத்து, தொட்டியின் மேல்மண் தெரியாமல் மெல்லிசாகப் பரப்பினாள். ரகுபதி பார்த்துவிட்டு இது எதற்கு என்றார். ஈரம் ஏறுகிறதா பார்க்க என்றாள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனாள். வெளுத்த மணலில் கண்ணாடிச் சுவர்ப் பக்கமாக ஒரு முறம் அகலத்துக்கு மஞ்சள் படிந்திருந்தது.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. கருவாட்டுக் குழம்பின் ருசி வந்தது. வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருந்தது.

மத்தியானம் வழக்கமான இடத்துக்குப் போனாள். டிபனைத் திறக்கவில்லை. மணலில் கொஞ்சத்தை முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். அதை அவிழ்த்துச் சரோஜாவின் டிபன் மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சரோஜா அதைப் பார்த்தாள்.

“எப்போலர்ந்துடி?”

“மொதல் வெள்ளிக்கெழமலர்ந்து.” சரோஜா கையிலிருந்த சோற்றை மூடியிலேயே போட்டாள். “வெளிய பூரா சிமிட்டி. லாரி போவுது, ஆளுங்க நடக்கறாங்க. கம்பெனி பூரா கால் படாத எடம் அது ஒண்ணுதான்க்கா. கடைசி பக்கெட்ட அதுல ஊத்திடுவேன்.”

“உப்பு ஊத்துனா மரம் செத்துடும்னு தெரியாதா உனுக்கு?”

“சத்தியமா தெரியாது. நீ அந்தப் பிண்ணாக்கு ஊத்தி இன்னும் கருகிச்சே, அப்பதான் மன்சுல பட்டுது. இதாத்தான் இருக்கும்னு.”

அது ஜூலை. கிளியம்மாள் மனதுக்குள் வெள்ளிக்கிழமைகளை எண்ணினாள். மேனேஜருக்கு எதிரே நின்றது அதற்குப் பிறகு. காகிதம் ஒட்டியது அதற்குப் பிறகு.

“தெரிஞ்சப்புறமும் ஊத்திக்கினுதான் இருந்தியா?”

சரோஜா டிபன் மூடியைத் தள்ளி வைத்தாள்.

“நிறுத்துனா மரம் துளுத்துடும்க்கா. துளுத்துச்சுன்னா, எத்த நிறுத்துனதால துளுத்துச்சுன்னு கேப்பாங்க. நீயே கண்டுபுட்ச்சிடுவே. பட்டுப்போச்சுன்னா தூக்கி வெளிய போட்டுட்டு வேற மரம் வெப்பாங்க, அத்தோட போய்டும்னு நெனச்சேன்.”

“நானும் போய்டுவேன். அது தெரியுமா?”

சரோஜா அழுதாள். ஏரிக்கரையில் அழுத அதே அழுகை. கிளியம்மாள் இந்தத் தடவை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, நான் போய்ச் சொல்ல மாட்டேன், நீயே சொல், திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் என்று எழுந்தாள்.

இப்போது யோசித்தால் அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. அவள் இன்னமும் பழைய சரோஜாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சரோஜா ஏரிக்கரையில் காத்திருக்கவில்லை. முன்னாலேயே போய்விட்டிருந்தாள். எட்டு மணிக்கு ரகுபதி வந்தார், எட்டேகாலுக்குக் கிளியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். சரோஜா அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“உப்புத் தண்ணிய அங்க ஊத்தச் சொன்னது நீயாமே?”

கிளியம்மாளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்த மே மாத மத்தியானம் ஞாபகம் வந்தது. கழுவ எடுத்துப் போன டிபன் மூடி, தோளுக்குப் பின்னால் சொல்லிவிட்டுப் போன நாலு வார்த்தை. சரோஜா இந்த முறை பொய் சொல்லவில்லை. உண்மையைத் தேடி எடுத்து வந்திருந்தாள். பொய்யை விட அது வலித்தது. பொய்யை இல்லை என்று சொல்ல முடியும்.

“கால் படாத எடம்னு சொன்னேன் சார். மரத்துல ஊத்துன்னு சொல்லல.”

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார் ரகுபதி. தரையை உப்புத் தண்ணீரில் துடைக்கச் சொன்னதே தான்தான் என்பதை அவர் ஞாபகப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை என்பது தெரிந்தது. முதலாளியம்மாவுக்கு உப்புக் கதை போகக்கூடாது என்றார். நர்சரிக்காரரை வரச்சொல்லப் போவதாகவும் சொன்னார்.

கிளியம்மாள் யாரையும் குறை சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. தீபாவளி வரைக்கும் மரத்தை என் கையில் விடுங்கள், துளிர்க்காவிட்டால் நானே போய்விடுகிறேன், வெளிநாட்டுக்காரர்கள் வரும்போது அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டாள். வெளியே எடுத்துவிட்டால் மொட்டை மரம் யார் கண்ணிலும் படாது என்பது அவருக்கும் பிடித்திருந்தது. சரி என்றார்.

வெல்டிங் ஆட்கள் நாலு பேர் மாப்பிள்ளையைத் தூக்கிவந்து சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினார்கள். அடித்துவாரத்துக்குக் கீழே கிளியம்மாள் ஒரு தட்டை வைத்தாள். மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வேர் அறாமல் கையால் வழித்து எடுத்தாள். லாரித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து, ஒரு நூலாக, மெதுவாக ஊற்றினாள். கீழே தட்டில் வடிந்ததை ஒவ்வொரு குடத்துக்கும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முதல் மூன்று குடத்துக்குக் கரித்தது. ஆறாவது குடத்தில் கொஞ்சம் குறைந்தது. ஷிப்டு விட்டுப் போன ஆட்கள், மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளியலா என்று கிண்டல் செய்தார்கள். பதினோராவது குடத்தில்தான் வெறும் தண்ணீரின் ருசி வந்தது. மறுவாரம் இன்னொரு தடவை அதே மாதிரி. உரம் எதுவும் வைக்கவில்லை. சீக்காளிக்கு விருந்து போடக்கூடாது என்று கண்ணப்பனிடம் சொன்னாள். கருகிய இலையையும் கிள்ளவில்லை, பாதி பச்சை இருந்தாலும் அது மரத்துக்கு உதவும் என்று.

வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த இடத்தில் ஒரு பித்தளை விளக்கு நின்றது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மொட்டையாக இருந்த ஒரு கிளைக்கணுவில் பச்சையாக ஒரு முனை தெரிந்தது. கிளியம்மாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நாலு கணுவில் தெரிந்த பிறகு ரகுபதியைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, பரவாயில்லையே என்றார். நர்சரிப் பேச்சு அதோடு நின்றது. வேலை நிரந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

மார்கழியில் மரம் மறுபடி முன்கூடத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணீர் தொடர்ந்தது. இப்போது கடைசி பக்கெட்டைச் சரோஜா கேட்டைத் தாண்டித் தூக்கிப் போய், வேலியோரம் முள் புதருக்குள் ஊற்றினாள். போகும்போது தோட்டத்தில் குனிந்திருக்கும் கிளியம்மாளைக் கடந்துதான் போக வேண்டும். கிளியம்மாள் நிமிர மாட்டாள். ஊரிலிருந்து வருவதும் இப்போது தனித்தனியாக. கிளியம்மாள் ஏரிக்கரையை விட்டுவிட்டு, சுற்றுவழி என்றாலும் மெயின் ரோட்டிலேயே நடந்து வந்தாள். முனிரத்தினம் கட்டிலில் படுத்தபடி, சரோஜா ஏன் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்று ஒரு நாள் கேட்டார். வேலை அதிகம் என்றாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, கிளியம்மாள் மரத்துக்கு முன்னால் குந்தியிருந்தபோது, பின்னால் துடைப்பத்தின் சத்தம் நின்றது.

“யக்கா. பிஞ்சு வெச்சிருக்குது பாத்தியா? மேக்கால கெளையில.”

ஐந்து மாதத்தில் அதுதான் முதல் பேச்சு. குரல் பழைய குரல் மாதிரியே இருந்தது. அந்தப் பிஞ்சை கிளியம்மாள் நாலு நாள் முன்னாலேயே பார்த்திருந்தாள். ஒன்று இல்லை, மூன்று.

அவள் திரும்பவில்லை. தொட்டியின் ஓரத்தில் விரலை விட்டு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தாள். சரோஜா பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிற மாதிரி அதை நாக்கில் வைத்தாள்.

உப்பு இல்லை. மண்ணைத் துப்பிவிட்டு, மக்கை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனாள்.